கேரோ லேக் அரங்கத்தை நான் பார்த்ததில்லை

1

இந்தக் கதை கெட்டுப்போன ஒரு முட்டை சாண்ட்விச்சில் பிறந்தது. இன்னும் கௌரவமான பிறப்பிடம் ஏதாவது கொடுக்கலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். ஒரு கனவு, ஒரு பழைய கடிதம், ஜன்னலில் படிந்த உறைபனி. எதுவும் ஒட்டவில்லை. சாண்ட்விச்தான்.

முதல் வரியாக முதலில் எழுதியது இது:

"அன்று கேரோ லேக்கில் குளிர் மைனஸ் அறுபது. வாயிலிருந்து வந்த பேச்சு தரையில் விழுந்து"

அடித்துவிட்டேன். மைனஸ் முப்பத்தொன்றுதான். அடுத்தது:

"பனி பெய்துகொண்டிருந்தது."

இதையும் அடித்தேன். கனடாவின் சஸ்காட்சுவானில் பிப்ரவரி மாதம் பனி பெய்தது என்று எழுதுவது மதுரையில் மே மாதம் வெயிலடித்தது என்று எழுதுவது மாதிரி. வாசகர் எழுந்து போய்விடுவார். மூன்றாவதாக, "வெர்னா பொப்பிக் சிரித்தால்" என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அது பாதியிலேயே நிற்கட்டும். முடிந்தால் பிறகு வருகிறேன்.

என் பெயர் அருணகிரி. இந்த ஹார்ட்வெல் ஊரில் எல்லோருக்கும் ஆர்னி. வந்து நாற்பத்து நான்கு வருடமாகிறது. அதில் முப்பத்தொரு வருடம் தானியக் கிடங்குகளின் எடைமேடைகளைச் சோதிக்கும் அரசாங்க உத்தியோகம். கோதுமை லாரியை ஏற்றி நிறுக்கும் மேடை இருபது கிலோ கூடக் காட்டினால் பூட்டி சீல் வைத்துவிடுவேன். நாள் முழுக்க அவ்வளவு உண்மையாக இருந்துவிட்டுக் காபிக்கடைக்கு வருகிறவனுக்கு ஓர் ஓய்வு வேண்டாமா? அங்கே நான் நிறுத்ததெல்லாம் ஒரு பங்கு மூன்று பங்காகத்தான் காட்டும். இப்போது வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆகவே முழு நேரமும் அந்த மேடைதான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம் என்று தோன்றியது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

2

எங்கள் ஊர் அணி பேட்ஜர்ஸ். பதினாறிலிருந்து இருபது வயது வரைக்குமான பையன்கள் ஆடும் ஜூனியர் ஐஸ் ஹாக்கி. வெளியூர் ஆட்டங்களுக்கு ரசிகர் பஸ் ஒன்று போகும். யார் கோல் அடித்தான், யார் பல் உடைந்தது என்பதெல்லாம் ரேடியோவிலேயே வந்துவிடுவதால், ஊரில் தங்கிவிட்டவர்களுக்காகப் போனவர்கள் வேறொன்றைக் கொண்டுவர வேண்டும் என்பது பஸ்ஸின் சட்டம். அரங்கத்தைக் கொண்டுவர வேண்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பெட்ரோல் பங்க்கை ஒட்டிய காபிக்கடையில், அந்த ரிங்க்கை அப்படியே மேஜைமேல் வைக்க வேண்டும். பெஞ்சு எவ்வளவு சில்லிப்பு, பாப்கார்னில் வெண்ணெயா எண்ணெயா, பக் என்கிற ரப்பர் வட்டு பலகையில் மோதினால் என்ன சத்தம். ஆட்டத்தைப் பற்றி எவனாவது வாயைத் திறந்தால், "அதான் ரேடியோல கேட்டோமே" என்று ஒரே குரலில் அடக்கிவிடுவார்கள்.

சீசன் முடிவில் ஓட்டெடுப்பு. எந்த ஊர் அரங்கம் உசத்தி? அதற்கு முன் ஒரு மாதம் சண்டை.

"பெல்கார்டுதான்யா," என்பான் எமில் கொதே. நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். பேசும்போதும் எதிரே இருப்பவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டே போவான். "மூணாவது வரிசைல உக்காந்தா வலை காக்குற அவங்க கோலிகிட்டயே பேசலாம். பேசினா திருப்பிப் பேசுறான்."

"என்ன பேசினான்?"

"என் முட்டிவலிக்கு மருந்து சொன்னான்."

"டன்பார்ல தலைக்கு மேல ஹீட்டர் இருக்கு, தெரியும்ல?"

"இருக்கு. அவங்க ஆளுங்க உக்கார்ற பக்கம் மட்டும். நம்ம பக்கத்து ஹீட்டர் எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் கெட்டுப்போச்சு. இன்னும் ஆள் வந்து பாக்கல."

"சொந்த ஊருக்காரனுக்கு அந்த அளவு அனுகூலம்கூட இல்லன்னா எப்படி?"

"அனுகூலமா? அது கொலை முயற்சிடா!"

"சரி, கழிப்பறை எப்படி?" என்று நடுவில் ஒரு குரல் கேட்கும். அதுதான் வெர்னா.

வெர்னா எந்த வெளியூர் ஆட்டத்துக்கும் வந்ததில்லை. அவள் கணவன் கிளிஃப் நாற்பத்தோராவது வயதில் தானியத் தொட்டியின் உச்சியிலிருந்து விழுந்தான். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. கழுத்துக்கு மேலே இந்த ஊரிலேயே கூர்மையான ஆள். இளவயதில் பேட்ஜர்ஸின் கோலி. திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்கு நர்ஸ் வருவாள், பத்தே முக்காலுக்குப் போய்விடுவாள். அந்த ஒரு மணி நேரந்தான் வெர்னாவுக்கு வாரம். அதில் காபிக்கடைக்கு நடந்து வர ஆறு நிமிடம், திரும்ப ஆறு நிமிடம். மிச்ச நேரத்தில் அவள் ஓர் அரங்கத்தை மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். கிளிஃப் காத்திருப்பான். முதல் கேள்வியே கழிப்பறைதானாம். கவசம் கட்டிக்கொண்டு ஆட்டம் முழுக்க நகர முடியாமல் நின்ற கோலியின் புத்தி அப்படி.

3

இருபத்திரண்டு வருடத்துக்கு முன், வடக்கே கேரோ லேக்குக்கு முதல்முறையாக பஸ் போனது. அவர்கள் வேறு பிரிவு. அந்த ஊருக்கு எங்கள் அணி ஐந்தாறு வருடத்துக்கு ஒரு தடவை போனால் அதிகம். முந்நூறு கிலோமீட்டர். (ஆயிரம் என்று எழுதக் கை போனது. பிடித்து நிறுத்தினேன்.) வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் அந்த முட்டை சாண்ட்விச்சை வாங்கினேன்.

விவரிக்க மாட்டேன். கேரோ லேக் அரங்கத்தின் வாசலில் பஸ் நின்றபோது எல்லோரும் இறங்கினார்கள். நான் பின் இருக்கையில் சுருண்டு படுத்தேன். ஆட்டத்தின் மூன்று பகுதியும் முடிந்து எல்லோரும் திரும்பி ஏறும்வரை நான் பார்த்ததெல்லாம் பஸ்ஸின் கூரையும் ஒரு பிளாஸ்டிக் பையும்தான்.

திங்கட்கிழமை வெர்னா வந்தாள். அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுத இரண்டு பத்தி முயன்று கிழித்துப் போட்டேன். முந்தின இரவு தூங்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. கோட்டின் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தாள்.

"ஆர்னி, கேரோ லேக் எப்படி? சீக்கிரம் சொல்லு. நர்ஸ் இன்னிக்கு முன்னாடியே கெளம்புறாளாம், இருபது நிமிஷந்தான் இருக்கு."

[வெர்னா பேசுவது ஆங்கிலம். அதில் இருப்பது ஒரே ஒரு சொல், நீயும் அதுதான் நீங்களும் அதுதான். நான் இங்கே 'நீ' போட்டிருக்கிறேன். அவள் எனக்கு மூன்று வயது சின்னவள். இருந்தாலும் அவள் குரலில் 'நீங்கள்' கேட்டால் எனக்கு ஏதோ தப்புச் செய்துவிட்டது போலிருக்கும்.]

'பஸ்ஸிலேயே படுத்துக் கிடந்தேன்' என்று சொல்லியிருக்கலாம். மூன்று சொல்லில் அவளுடைய இருபது நிமிடம் காலி. ஆகவே வாயைத் திறந்தேன். மேற்கூரை முழுக்க மரம் என்றேன். கவிழ்த்து வைத்த படகு மாதிரி, உள்ளே போனால் ஏரிக்கு அடியிலிருந்து மேலே பார்க்கிற மாதிரி இருக்கும் என்றேன். மறுமுனைச் சுவரில் இங்கிலாந்து ராணியின் படம், எப்போதோ பக் பட்டு மோவாயில் ஒரு குழி, அதனால் ராணிக்கு லேசாகச் சிரிப்பு வருகிற மாதிரி. சுவரில் ஒரு சின்ன ஜன்னல், அதன் வழியாக ஒரு கை மட்டும் வெளியே வந்து வெங்காயம் வதக்கிய பெரோகி தரும். பெரோகி என்பது நம் கொழுக்கட்டையின் மாமன் மகன். அந்தக் கைக்குச் சொந்தக்காரியை இதுவரை யாரும் பார்த்ததில்லை. கோல் விழுந்தால் மற்ற அரங்கங்கள் மாதிரி ஆர்கன் இசை கிடையாது. ஒரு பெரியவர் அக்கார்டியன் வாசிப்பார். எதிரணி கோல் அடித்தாலும் வாசிப்பார், சோகமாக.

"கழிப்பறை?"

"அறையைச் சூடாக்குற ரேடியேட்டர் மேல உக்கார்ற மாதிரி சுகம்."

வெர்னா சிரித்தாள். மூக்கால் ஒரு சத்தம் வரும், பிறகு அதற்காக வெட்கப்பட்டு இன்னொரு சிரிப்பு வரும். இரண்டாவது முடிவதற்குள் மூன்றாவது கிளம்பிவிடும். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போன பிறகும் அந்த மேஜை கொஞ்ச நேரம் சூடாக இருந்தது. (இது மிகை அல்ல. கை வைத்துப் பார்த்தேன்.)

4

எமிலை இந்தக் கதையில் வைத்துக்கொள்வதா என்பது பெரிய சந்தேகமாகவே இருந்தது. இரண்டு வரைவுகளில் அவனைத் தூக்கிவிட்டேன். ஏனென்றால் அவன் அன்றைக்கு அரங்கத்துக்குள் போனவன். மூன்று பகுதியும் பார்த்தவன். நான் படகையும் ராணியையும் அளந்துகொண்டிருந்தபோது அதே மேஜையில் உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருந்தவன். கதைக்கு அவன் ஆபத்தான சாட்சி.

ஆனால் அவன் வாயைத் திறந்து சொன்னது இவ்வளவுதான்: "குருவியைச் சொல்ல மறந்துட்டியே. கூரைல குருவி கூடு கட்டியிருக்குல்ல?"

வெர்னா அதையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வருட ஓட்டெடுப்பில் அவள் கேரோ லேக்குக்குப் போட்டாள். கிளிஃபின் ஓட்டையும் அவளே போடுவாள், அதுவும் கேரோ லேக். போகாதவர்களும் ஓட்டுப் போடலாம் என்ற விதி அந்த வருடம்தான் வந்தது. கொண்டுவந்தது எமில். பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் வெர்னா கேட்பாள், "கேரோ லேக் பத்தி வேற ஏதாவது ஞாபகம் வருதா ஆர்னி?" எனக்கு ஞாபகம் வரும். எடை பார்க்காமல் வரும்.

நடுவில் இரண்டு தடவை அந்த ஊருக்கு பஸ் போனது. இரண்டு தடவையும் நான் போகவில்லை. ஒரு தடவை பல் வலி, ஒரு தடவை வேலை என்றேன். உண்மையில் பயம். நேரில் பார்த்துவிட்டால் அப்புறம் நான் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடும். பார்க்காதவரைக்கும் அது வெறும் ஊகம்.

திரும்பி வந்த எமிலைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "நெஜமா எப்படிடா இருக்கு?"

"நீ சொன்ன மாதிரியேதான் இருக்கு," என்றான். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"டேய்."

"அக்கார்டியன் மட்டும் போன தடவையைவிட கொஞ்சம் சுமார்."

5

கிளிஃப் போன அக்டோபரில் காலமானான். இந்த வாக்கியத்தைப் பெரிதாக்க என்னிடம் ஒன்றுமில்லை.

மார்ச்சில் பிளேஆஃப், சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்று. பதினொரு வருடத்துக்குப் பிறகு, வேறு பிரிவிலிருந்து வந்து எங்களோடு மோதுவது கேரோ லேக். மூன்றாவது ஆட்டம் அவர்கள் ஊரில், ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு. அதற்கு முந்தின திங்கட்கிழமை காபிக்கடைக்கு வெர்னா கையில் ஒரு பச்சைச் சீட்டோடு வந்தாள்.

"பஸ்ல எனக்கு எடம் போட்டாச்சு. ஜன்னல் சீட்டு. ஆர்னி, நீ என் பக்கத்துல உக்காரு. உள்ள போனதும் ஒவ்வொண்ணா எனக்குக் கைகாட்டு."

"நல்லது," என்றேன். என் குரல் எடைமேடையில் ஏறினால் முள் அசைந்திருக்காது.

எமில் டோனட்டைப் பாதியில் கீழே வைத்தான். அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

6

இனி என்ன செய்வது? கதாசிரியனாகவும் கேட்கிறேன், ஆர்னியாகவும் கேட்கிறேன்.

ஒரு வழி: பஸ் ரிப்பேர். எமிலிடம் சொன்னால் இரண்டு கம்பியைக் கழற்றிவிடுவான். ஆனால் இத்தனை வருடம் ஊரைவிட்டு நகராதவளின் முதல் பயணத்தை நிறுத்துகிற கை எப்படிப்பட்ட கை?

இன்னொரு வழி: அரங்கத்தை என் பொய்க்குத் தக்க மாற்றிவிடுவது. கேரோ லேக்குக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"அரங்கமா? உங்ககிட்ட அக்கார்டியன் வாசிக்கிறவர் இருக்காரா?"

"யாரு பேசுறது?"

"கூரை படகு மாதிரி இருக்குமா?"

"கூரை இருக்கு சார். அது போதாதா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு குருவி..."

(இந்த உரையாடல் நடக்கவில்லை. எண்ணை அழுத்தினேன். மூன்று தடவை மணி அடித்தது. யாரோ எடுத்து 'ஹலோ' என்றதும் வைத்துவிட்டேன். இந்த ஒரு இடத்திலாவது உடனே ஒப்புக்கொள்கிறேன்.)

மூன்றாவது வழி உங்கள் மனதில் இப்போது ஓடிக்கொண்டிருப்பது. எனக்குத் தெரியும், எனக்கும் ஓடியது. வெர்னாவுக்கு எல்லாம் ஆரம்பத்திலிருந்தே தெரியும், தெரிந்துகொண்டேதான் சிரித்தாள், கடைசியில் என் கையைத் தட்டி, "பரவால்ல ஆர்னி" என்பாள். ஒரு வரைவில் அப்படியே எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது பொய் சொன்னவனுக்கு வசதியான முடிவு. வெர்னாவுக்குத் தெரியாது. அவள் ஒரு சொல் விடாமல் நம்பினாள். அதுதான் என் வயிற்றில் சாண்ட்விச்சைவிட மோசமாகக் கிடந்தது.

7

ஞாயிறு காலை எட்டு மணிக்கு பஸ் கிளம்பியது. ஓட்டியது நொரீன், வார நாட்களில் பள்ளி பஸ் ஓட்டுகிறவள். எங்களையும் அதே குரலில்தான் அதட்டுவாள். வெர்னா ஜன்னலோரம். பக்கத்தில் நான். நடைபாதைக்கு அந்தப் பக்கம் எமில், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுத் தூங்குகிற மாதிரி.

வெர்னா சும்மா வரவில்லை. "அந்தப் பெரியவர் இன்னும் உயிரோட இருப்பாரா? அப்பவே பெரியவர்னியே. இப்போ தொண்ணூறாவது இருக்கும்ல? கிளிஃப் சொல்வாரு, எதிரணிக்கும் வாசிக்கிற மனுஷன் லேசுல சாக மாட்டான்னு."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெளியே பார்க்க ஒன்றுமில்லாத நாடு இது. அன்றைக்கு வேண்டிய மட்டும் பார்த்தேன்.

பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் பஸ் நின்றது. எமில் இறங்கிப் போய்த் திரும்பி வந்தான். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு முட்டை சாண்ட்விச்சை என் மடியில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்து தொப்பியை இழுத்துக்கொண்டான்.

"என்ன இது? உங்க ரெண்டு பேருக்கும் என்ன ரகசியம்?" என்றாள் வெர்னா.

பஸ் கிளம்பிவிட்டது. இறங்கி ஓட முடியாது.

"வெர்னா, நான் கேரோ லேக் ரிங்க்கைப் பாத்ததே இல்ல."

"போய்யா."

"நெஜமா. அன்னிக்கு வயித்தைப் பிடிச்சிட்டு இதே மாதிரி பஸ்ல படுத்துக் கெடந்தேன். அப்புறம் ரெண்டு தடவ பஸ் போச்சு, வேணும்னே நான் போகல."

"படகு மாதிரி கூரை?"

"தெரியாது."

"ராணி?"

"தெரியாது வெர்னா."

"அக்கார்டியன்?"

"அது நானா உண்டாக்கினது."

பொய் என்றாவது சொல்ல முடிந்தால் ஒரு நிம்மதி. எனக்கு அதுகூடத் தெரியாது. ஒருவேளை ராணி இருக்கலாம். பல ஊர் அரங்கங்களில் ராணி தொங்கினாள்.

அவள் எமில் பக்கம் திரும்பினாள். "நீ உள்ள போனவன்தானே?"

தொப்பிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ம்."

"ஏன்டா சொல்லல?"

"நீ சிரிச்சிட்டிருந்த."

வெர்னா கொஞ்ச நேரம் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து நேராக்கினாள். "கடைசி வாரம் கிளிஃபால மூணு வார்த்தைக்கு மேல பேச முடியல. ஒரு நாள் சாயங்காலம் கேட்டாரு, 'கேரோ லேக் சொல்லு'ன்னு. முழுசாச் சொன்னேன் ஆர்னி. ஒண்ணு விடாமச் சொன்னேன்."

எழுந்துபோய் நொரீனுக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையில் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

[இங்கே என் மனநிலையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன். அவமானப்பட்ட கிழவன் ஒருவன் முட்டை சாண்ட்விச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

அறுபது கிலோமீட்டர். கூட்டவில்லை. சாலையோரப் பலகைகளை எண்ணினேன். பிறகு அவள் நடைபாதையில் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து வந்தாள். உட்காரவில்லை.

"அந்தக் கதவு?" என்றாள்.

"எந்தக் கதவு?"

"பின்னாடி, ஐஸ் வழவழப்பாக்குற வண்டி உள்ள போற கதவு. படியே கெடையாது. அங்கேருந்து ஐஸைச் சுத்தின கண்ணாடித் தடுப்பு வரைக்கும் ஒரு சந்து. கிளிஃபோட சக்கரக் கட்டிலை அப்படியே தள்ளிட்டுப் போயி மூலைல நிறுத்தலாம். கோலிக்கு ஆறடி தூரம். அதுவும் இல்லையா?"

இருபத்திரண்டு வருடப் பொய்களையும் மனதுக்குள் கொட்டித் தேடினேன். எனக்கு என் பொய்கள் எல்லாம் தெரியும். பெற்றவனுக்குத் தெரியாதா?

"அதை நான் சொல்லல வெர்னா."

"நீதான் சொன்ன. அந்த முதல் திங்கக்கெழமையே சொன்ன."

"இல்லம்மா."

எமில் தொப்பியை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "அவன் சொல்லல. அவன் அளந்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். கதவு அதுல இல்ல. எனக்குச் சொந்தம் குருவி மட்டுந்தான்."

பஸ் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. வெர்னா இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நொரீன் கண்ணாடியில் பார்த்து, "உக்காருங்க வெர்னா, வண்டி ஓடுதுல்ல," என்று அதட்டினாள். வெர்னா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்போ நான்தான்," என்றாள், மிக மெதுவாக.

எங்களைப் பார்க்காமல் சொன்னாள். "கிளிஃப் நம்மூர் ரிங்க்குக்கு வரவே மாட்டேன்னுட்டாரு. இங்கயும் அந்தக் கதவு இருக்கு, தள்ளிட்டுப் போயிருக்கலாம். 'நான் கோலியா நின்ன எடம், ஊரே எந்திரிச்சுக் கை தட்டும், அந்தக் கைதட்டை என்னால வாங்கிக்க முடியாது'ன்னாரு. 'நம்மள யாருக்கும் தெரியாத ஊருன்னா வரேன்'னாரு. அதனால கேரோ லேக்ல ஒரு கதவு வெச்சேன். எப்போ வெச்சேன்னு ஞாபகமில்ல. அடுத்த குளிர்காலம் போலாம், அதுக்கடுத்தது போலாம்னு பேசுவோம். எந்த வேன், எந்தக் கம்பளி, யாரு ஓட்டுறதுன்னு. கட்டில் அகலம் மூணரை அடி. அவரே அளக்கச் சொன்னாரு. சொல்லிச் சொல்லி அது நீ சொன்னதுன்னே ஆயிடுச்சு."

"எல்லா ரிங்க்லயும் வண்டிக்கு ஒரு கதவு இருக்கும் வெர்னா," என்றேன். "இல்லாட்டி வண்டி எப்படி உள்ள போகும்?"

"கதவு இருக்கும். சந்து?"

இருவரும் எமிலைப் பார்த்தோம். எமிலுக்குத் தெரியும். மூன்று தடவை உள்ளே போனவன்.

வாயைத் திறந்தான். நான் அவனோடு நாற்பது வருடமாகப் பழகுகிறேன். அவன் ஒரு வாக்கியத்தை விழுங்கியதை அன்றுதான் பார்த்தேன். "நீயே போயிப் பாரு," என்றான்.

8

கேரோ லேக் அரங்கத்தின் வெளிப்புறம் தகரம். இது எனக்கே தெரியும், பஸ் ஜன்னலிலிருந்து தெரிகிறது. சாம்பல் நிறத்தில் நீளமான கொட்டகை, டிராக்டர் நிறுத்துவதற்குக் கட்டிய மாதிரி. கூரையில் புகைக்குழாய் ஒன்று. படகு மாதிரி எதுவும் வெளியே தெரியவில்லை.

எல்லோரும் இறங்கினார்கள். நான் எழுந்தேன். வெர்னா என் தோளில் கை வைத்து உட்கார வைத்தாள்.

"நீ வரக்கூடாது."

"தண்டனையா?"

"ஆமா." பச்சைச் சீட்டைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டாள். படிவரை போய்த் திரும்பினாள். "தண்டனையும்தான். ஆனா எனக்கு ஒருத்தர் வெளிய இருக்கணும் ஆர்னி. உள்ள போயிப் பாத்துட்டு நான் யார்கிட்ட வந்து சொல்லுவேன்?"

போய்விட்டாள். தகரக் கதவு அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. மைனஸ் இருபத்தெட்டு என்பதால் நொரீன் இன்ஜினை நிறுத்தவில்லை. பஸ் மெல்ல உதறிக்கொண்டே இருந்தது. உள்ளே யாரோ கோல் அடித்த இரைச்சல் தகரத்தைத் தாண்டி வந்தது. அதற்குப் பின்னால் ஏதாவது வாத்தியம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. நொரீனிடம் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

9

முதல் இடைவேளையில் அவள் வந்தாள். கன்னம் சிவந்திருந்தது, கண்ணும். பின்னாலேயே எமில் சூரியகாந்தி விதையைக் கடித்துக்கொண்டு வந்து நடைபாதையில் நின்றான்.

வெர்னா என் எதிரே உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. பதினைந்து நிமிடம்தான் இடைவேளை.

"சீக்கிரம் கேளு," என்றாள்.

"கழிப்பறை எப்படி?" என்றேன்.

மூக்கால் அந்தச் சத்தம் வந்தது. பிறகு அதற்கு வெட்கப்பட்டு இன்னொன்று. அக்டோபருக்குப் பிறகு நான் கேட்டிராதது. அப்புறம் அவள் சொல்ல ஆரம்பித்தாள். கூரையிலிருந்து ஆரம்பித்தாள். ராணிக்கு வந்தாள். கைகளை விரித்து, சுருக்கி, காற்றில் ஓர் அரங்கத்தை எழுப்பினாள். கடைசியாகப் பின்கதவுக்கு வந்தாள்.

"சந்து இருக்கு ஆர்னி. நடந்து பாத்தேன். ரெண்டு கையையும் இப்படி வெச்சிக்கிட்டு, தள்ளிட்டுப் போற மாதிரியே நடந்தேன். கண்ணாடி வரைக்கும் போனேன். கோலி பையன் திரும்பி என்னைப் பாத்தான். கட்டில் நுழையும்."

நான் எமிலின் முகத்தைப் பார்த்தேன். அவன் ஒரு விதையைத் துப்பிவிட்டு இன்னொன்றைக் கடித்தான். ஒரு கோடு அசையவில்லை.

அடுத்த இரண்டு இடைவேளைகளைப் பற்றி... ஆமாம், ஹாக்கியில் இரண்டே இடைவேளைதான், ஒன்று முடிந்துவிட்டது, கை பழக்கத்தில் கூட்டிவிட்டது. அடுத்த இடைவேளையிலும் ஆட்டம் முடிந்த பிறகும் அவள் வந்து சொன்னவை என்னோடு இருக்கட்டும். யார் ஜெயித்தது என்று நீங்கள் கேட்டால், 'அதான் ரேடியோவில் வந்ததே' என்பேன்.

இந்தக் கதையின் முடிவு பஸ்ஸிலிருந்து நாற்பது அடியில் இருந்தது. முப்பத்தொரு வருடம் அளந்தவன் நான். இறங்கிப்போய், சந்தின் இரண்டு சுவருக்கும் நடுவில் நாடாவைப் பிடித்தால் ஒரு நிமிட வேலை. அவள் சொன்னது அளவா, அன்பளிப்பா என்று தெரிந்திருக்கும். நான் இறங்கவில்லை. அதற்கப்புறமும் அந்த ஊர்ப் பக்கம் போகவில்லை. போக மாட்டேன்.

ஆகவே அந்த எண் என்னிடம் இல்லை. உங்களுக்காக இடம் விட்டிருக்கிறேன். பென்சிலால் எழுதினாலும் சரி.

சந்தின் அகலம்: ________ அடி.

கட்டில் மூன்றரை அடி. தள்ளிக்கொண்டு போகிறவளின் முழங்கை சுவரில் உரசாமலிருக்க, கொஞ்சம் கூட்டியே போடுங்கள்.